கையுறையைக் கழற்ற இருநூறு பக்கம்: பழைய பாணி ரீஜன்சி நாவல்கள் ஏன் பிடிக்கிறது?

மழைநாள்வாசகி:

போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஜார்ஜெட் ஹேயரின் 'கோட்டிலியன்' நாவலை நாலாவது தடவையாகப் படித்தேன். கஞ்சி கொண்டுவந்து வைத்த மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "முக்கால் புத்தகம் தாண்டிட்டே, இன்னும் ஒரு முத்தம்கூட வரலியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இருபது வருடமாகப் படிக்கிறேன், ஏன் பிடிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. அதனால்தான் இங்கே போடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்ததால் மகன் அவர் இடத்தில் இருந்து ஆண்டாரே, 1811 பிப்ரவரியிலிருந்து 1820 ஜனவரி வரை, அந்த ஒன்பது வருடம்தான் ரீஜன்சி. ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்களும் அதற்குள்தான் வெளிவந்தன. ஆனால் ஆஸ்டின் தன் காலத்தை எழுதினார், அவ்வளவுதான். அதைப் பழைய காலமாகத் திரும்பிப் பார்த்து, காதல் கதைக்கென்று ஓர் ஊராகவே கட்டியெழுப்பியவர் ஹேயர். 1935இல் வந்த 'ரீஜன்சி பக்' அவருடைய முதல் ரீஜன்சி நாவல்.

நான் கேட்பது அந்தப் பாணியைப் பற்றி. நடனம், கடிதம், குதிரை வண்டி, மழையில் ஏதோ ஒரு சத்திரத்தில் மாட்டிக்கொள்வது, மூக்கை நுழைக்கிற ஒரு அத்தைக்கிழவி, கடைசியில் கல்யாணப் பேச்சு. படுக்கையறைக் கதவு திறக்கவே திறக்காது. உங்களுக்குப் பிடிக்குமா, பிடித்தால் ஏன்? "மனசுக்கு இதமா இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அது எனக்கே தெரியும்.

கோபாலன்_ஓய்வு:

அம்மா, இந்த இழையில் ஆண்களுக்கு இடம் உண்டா? எனக்கு இது மனைவி வழியாக வந்த பழக்கம். எண்பதுகளில் மெட்ராஸில் எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. ஆபீஸிலிருந்து வரும்போது அவளுக்குப் புத்தகம் மாற்றிக்கொண்டு வருவது என் வேலை. ஹேயர் புத்தகங்கள் எல்லாம் பழுப்பேறி, அட்டை போய், மறுபடி பைண்டு பண்ணி நூல் போட்டு இறுக்கித் தைத்திருப்பார்கள், உள்பக்கத்து எழுத்து பாதி தையலுக்குள் போயிருக்கும். முதல் பக்கமோ கடைசிப் பக்கமோ கட்டாயம் இருக்காது. யாரோ ஒரு புண்ணியவதி பென்சிலில் "சுமார்", "நன்று", "அழுதுவிட்டேன்" என்று மார்க் வேறு போட்டிருப்பார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது புரட்ட ஆரம்பித்தேன். எனக்குப் பிடித்தது வசனம். ஒருத்தர் ஒன்று சொல்ல, இன்னொருத்தர் அதையே திருப்பிப் போட, படிக்கிறவனுக்கு மட்டும் புரிகிற மூன்றாவது அர்த்தம் ஒன்று நடுவில் ஓடும்.

அப்புறம் அமெரிக்காவிலிருந்து ஒல்லியான புத்தகங்கள் வந்தன, சிக்னெட் ரீஜன்சி என்று, இருநூற்றுச் சொச்சம் பக்கம், அட்டையில் கட்டாயம் ஒரு தொப்பி. ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அந்த வரிசை 2006இல் நின்றுவிட்டது, அதே மாதிரி வரிசை போட்டுவந்த ஜீப்ரா பதிப்பகமும் ஏறக்குறைய அதே சமயத்தில் நிறுத்திவிட்டது. அதோடு பழைய பாணிக்குக் கடையில் ஓர் அலமாரி என்பதே இல்லாமல் போயிற்று.

தூங்காநகரத்தாள்:

நான் எதிர்க்கட்சி, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் 'பிரிட்ஜர்ட்டன்' என்ற ரீஜன்சி காதல் தொடர் வந்தபோது பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள். அதே மாதிரி இருக்கும் என்று நம்பி ஒரு தோழி கொடுத்த ஹேயரை எடுத்தேன். முப்பது பக்கத்துக்கு ஒரு ஆளுடைய கழுத்துத் துணியை எப்படிக் கட்டினான் என்றே போய்க்கொண்டிருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் என் பிரச்சினை அதுவல்ல. படுக்கையறை வராத இந்தக் கதைகளுக்கு வைத்திருக்கிற "கிளீன் ரொமான்ஸ்" என்ற பெயர்தான். இது கிளீன் என்றால் மற்றதெல்லாம் அழுக்கா? கல்யாணமான இரண்டு பேர் ஒரு அறைக்குள் இருப்பதை எழுதினால் புத்தகத்தில் கறை படிந்துவிடுமா? நம் வீட்டில் பெண்பிள்ளை என்ன படிக்கிறாள் என்று அட்டையைத் திருப்பிப் பார்க்கிற பெரியம்மாக்கள் பேசுகிற பேச்சு மாதிரியே இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மழைநாள்வாசகி:

தங்கச்சி, அந்தச் சொல் எனக்கும் பிடிக்காது. ஹேயர் கதைகள் சுத்தமும் இல்லை. சூதாடிச் சொத்தை அழித்த அப்பாக்கள், வைப்பாட்டி வைத்திருக்கிற பிரபுக்கள், ஊர் சிரிக்க ஓடிப்போகிற ஜோடிகள் எல்லாம் தாராளமாக வரும். 'வெனிஷியா' நாவலின் நாயகன் டேமரெல் செய்யாத அட்டகாசம் இல்லை. எல்லாம் நடந்ததாகச் சொல்வார்கள், நம்மைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட மாட்டார்கள். அதனால் 'கதவு மூடிய கதை' என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்வோம்.

இரண்டு நாளாக யோசித்ததில் எனக்குத் தோன்றியது இது. அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். கல்யாணம் ஆன அன்றைக்கே, முன்கூட்டியே தனியாக எழுதிப் பாதுகாத்து வைக்காவிட்டால், பெண்ணின் கையிருப்புப் பணம், சம்பாத்தியம், உடைமை எல்லாம் புருஷன் கைக்குப் போய்விடும். 1870இலும் 1882இலும் வந்த சட்டங்கள்தான் அதை மாற்றின. மறுகல்யாணம் செய்துகொள்ளும்படியான முழு விவாகரத்து வேண்டுமென்றால் 1857 வரை பார்லிமென்டில் தனிச்சட்டம் போட வேண்டும். அதாவது ஒரு தடவைதான் தேர்ந்தெடுக்கலாம், தப்பாகப் போனால் ஆயுளுக்கும் அதுதான். அப்படித் தேர்ந்தெடுக்க அவளுக்குக் கொடுக்கப்படுகிற அவகாசம் என்ன? இரண்டு நடனம், பார்க்கில் ஒரு வண்டிச் சவாரி, கூடவே துணைக்கு ஒரு மாமி. ஒரே ஆளோடு மூன்றாவது தடவை ஆடினால் ஊர் வாயில் விழ வேண்டும். தனியாக உட்கார்ந்து பேச வழியே கிடையாது.

அவன் நல்லவனா, கோபக்காரனா, கஞ்சனா, தன்னைச் சமமாக மதிக்கிறவனா என்று கண்டுபிடிக்க அவளிடம் இருப்பது பேச்சு ஒன்றுதான். அதுவும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரியான பேச்சு. அதனால்தான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவ்வளவு கனம் வருகிறது. வேலைக்காரனிடம் எப்படிப் பேசுகிறான், குதிரையை எப்படி ஓட்டுகிறான், அவள் சொன்ன ஜோக்குக்கு எந்த இடத்தில் சிரித்தான் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வருகிறாள், நாமும் அவளோடு சேர்ந்து குறித்துக்கொள்கிறோம். டேமரெலும் வெனிஷியாவும் ஒருவர் பாதி சொன்ன கவிதை வரியை இன்னொருவர் முடிப்பார்கள். எனக்கு அந்த இடத்தில் வருகிற படபடப்பு வேறெந்தக் காட்சியிலும் வந்ததில்லை. கதவைத் திறந்துவிட்டால் இந்தத் துப்பறியும் வேலை முடிந்துபோகும். எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை, அந்த வேலை சீக்கிரம் முடியக்கூடாது என்பதுதான் ஆசை.

கழுத்துத் துணி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதைத் தாண்டிக்கொண்டு படிக்கலாம், பாவமில்லை.

கடலைமிட்டாய்:

நான் வேறு ஒரு முக்கியமான விஷயத்துக்காக வந்தேன்.

'தி கிராண்ட் சோஃபி' (1950) படித்தவர்கள் இருக்கிறீர்களா? அதைப் பற்றி அமெரிக்க வாசகர்கள் எழுதுகிற விமர்சனங்களைப் பாருங்கள், பாதிப் பேர் "கதாநாயகியும் நாயகனும் கசின்ஸா, ஐயே" என்று முகம் சுளித்திருப்பார்கள். நான் திரும்ப உறவுமுறையைப் போட்டுப் பார்த்தேன். சோஃபியின் அப்பா சர் ஹொரேஸ். அவருடைய சகோதரி லேடி ஓம்பர்ஸ்லி. அவர் மகன் சார்லஸ். அப்படியென்றால் சோஃபிக்கு சார்லஸ் யார்? அத்தை மகன்! முறைப்பையன்! இதில் ஐயே சொல்ல என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து இறங்கின அன்றைக்கே சண்டை, அவனுக்கு வேறு பெண் நிச்சயமாகியிருக்கிறது, இவள் வீட்டையே தலைகீழாக்குகிறாள். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை அப்படியே. ஒரே மூச்சில் படித்து முடித்தேன்.

அதே தெம்பில் ஆஸ்டினுடைய 'மேன்ஸ்ஃபீல்டு பார்க்' எடுத்தேன். அதில் ஃபேனியும் எட்மண்டும் கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்கள். இங்கே யாருக்கும் தூக்கிவாரிப் போடவில்லையா? ஃபேனியின் அம்மாவும் எட்மண்டின் அம்மாவும் கூடப்பிறந்த அக்கா தங்கை. எட்மண்டின் அம்மா மூத்தவர். அதாவது பெரியம்மா மகன். அண்ணன்! பத்து வயதிலிருந்து ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன்! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கசின் என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கிறார்கள், நான் கடைசி அத்தியாயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு புரட்டினேன். இன்னொன்று, ஆஸ்டினுடைய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் நாயகன் டார்சிக்கு லேடி கேத்தரின் தன் மகளைக் கட்டிவைக்கப் பார்க்கிறாரே, அதுவும் அக்கா தங்கை பிள்ளைகள்தான். அந்தச் சம்பந்தம் நடக்காமல் போனதில் நாயகி எலிசபெத்தைவிட எனக்குத்தான் நிம்மதி.

தூங்காநகரத்தாள்:

மிட்டாய், சிரித்ததில் டீ சட்டையில் கொட்டிவிட்டது. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் சோஃபியிலிருந்து ஆரம்பித்திருப்பேனே.

வைகறை:

சிரிப்பைக் கெடுக்கிறேன், மன்னிக்கவும். சோஃபியைச் சிபாரிசு செய்கிறவர்கள் ஒன்றை மறைக்கக்கூடாது. அதில் வட்டிக்கடைக்காரன் கோல்ட்ஹேங்கர் வருகிற அத்தியாயம் அப்பட்டமான யூத வெறுப்பு. 1950இல், அதாவது போர் முடிந்து ஐந்தே வருடத்தில், ஐரோப்பாவில் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரிந்த பிறகு எழுதியது. "அந்தக் காலம் அப்படி" என்று தள்ளிவிட முடியாது. படியுங்கள், ஆனால் தெரிந்துகொண்டு படியுங்கள்.

இரண்டாவது, "கண்ணியமான காலம்" என்று ஒரு மயக்கம் இருக்கிறதே, அதுவும் கொஞ்சம் தெளிய வேண்டும். ரீஜன்சிக்குப் பெயர் கொடுத்த இளவரசரே எப்படிப்பட்டவர்? 1785இல் ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கத்தோலிக்க விதவையை ரகசியமாக மணந்தார், அரசரின் சம்மதம் இல்லாததால் அது செல்லாது. 1795இல் கடன் தீரவேண்டும் என்பதற்காக கரோலின் என்ற இளவரசியை மணந்தார், ஒரு வருடத்தில் தனித்தனி. ஆஸ்டினுக்கு அவரைக் கட்டோடு பிடிக்காது, ஆனாலும் தன் 'எம்மா' நாவலை அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்ய வேண்டியிருந்தது.

வெளியே நாட்டில் என்ன நடந்தது? 1812இல் நெசவு இயந்திரத்தை உடைத்தால் தூக்கு என்று சட்டம் போட்டார்கள். இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை, விளைச்சல் போனது. 1819 ஆகஸ்டில் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடியவர்கள் மேல் குதிரைப்படையை ஏவினார்கள். நாவல்களில் மட்டும் வருடா வருடம் ஸ்ட்ராபெர்ரி பழுக்கிறது. அந்த மாளிகைகளில் சிலவற்றுக்குப் பணம் கரும்புத் தோட்டத்து அடிமைகளிடமிருந்து வந்தது. 1807இல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தார்கள், அடிமைகளை விடுவிக்க 1833இல்தான் சட்டம் வந்தது. இன்னும் சிலவற்றுக்குப் பணம் நம் ஊரிலிருந்து போனது. கதாநாயகி உடுத்துகிற மஸ்லின் வங்காளத்து நெசவு, தோளில் போடுகிற சால்வை காஷ்மீர்.

நானும் இதையெல்லாம் படிக்கிறவன்தான். பிடிக்கும். பிடிப்பதால்தான் சொல்கிறேன்.

கோபாலன்_ஓய்வு:

வைகறை தம்பி சொன்னதில் ஒன்றையும் மறுக்க மாட்டேன். நவாப் என்ற நம் சொல்தான் அங்கே போய் 'நேபாப்' ஆகி, இந்தியாவில் சுருட்டிக்கொண்டு போன புதுப்பணக்காரனுக்குப் பட்டமாயிற்று.

ஹேயரின் 'பிளாக் ஷீப்' (1966) நாயகன் அந்த ரகம்தான். மைல்ஸ் கேல்வர்லி. சின்ன வயதில் பண்ணின கூத்துக்காக வீட்டார் இந்தியாவுக்கு விரட்டிவிட்டார்கள், இருபது வருடம் கழித்துக் கசங்கின கோட்டோடு பாத் நகரத்தில் வந்து நிற்கிறான். இங்கே எப்படிச் சம்பாதித்தான், யாரிடம் வாங்கினான் என்று ஒரு வரி விவரம் கிடையாது. அவர்களுக்கு இந்தியா என்பது ஆள் ஒருவனை உள்ளே போட்டால் பணக்காரனாக வெளியே வருகிற அலமாரி. அதைப் படிக்கும்போது எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் மைல்ஸைப் போல மரியாதை தெரியாத, சோம்பேறியான, நேர்மையான கதாநாயகன் வேறு எங்கும் இல்லை, அதுவும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

என் பிரதியில் கடைசி நாலு பக்கம் கிடையாது, நூலகத்திலேயே கிழிந்திருந்தது. கடையை மூடும்போது அந்தப் பிரதியையே விலைக்கு வாங்கிக்கொண்டேன். என் மனைவி அதற்கு முன்பே வேறொரு பிரதியில் படித்திருந்ததால் முடிவைச் சொன்னாள்: நாயகி அபிகெயில் தன் அக்காவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, எல்லோரும் மனம் மாறி, சர்ச்சில் சிறப்பாகக் கல்யாணம். எனக்கு அந்த முடிவு கொஞ்சம் சப்பென்றுதான் பட்டது, மைல்ஸுக்குப் பொருந்தவில்லை. இருந்தாலும் ஹேயர் எழுதினது ஹேயர் எழுதினதுதான்.

தேம்ஸ்கரையான்:

ஊர்ச் செய்தி கொஞ்சம். லண்டன் கிங் ஸ்ட்ரீட்டில் ஆல்மாக்ஸ் நடனக்கூடம் இருந்த இடத்தில் இப்போது அலுவலகக் கட்டடம்தான், இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து போய்விட்டது. நாவல்களில் அதற்கு அனுமதிச் சீட்டு வாங்க உயிரையே விடுவார்களே, சீமாட்டிகள் சிலர் உட்கார்ந்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வார்களே, அத்தனை பாடுபட்டு உள்ளே போனால் கிடைத்தது என்ன தெரியுமா? மெல்லிசாக நறுக்கின ரொட்டி வெண்ணெய், உலர்ந்த கேக், எலுமிச்சைச் சாறு. நம் ஊர்க் கல்யாணத்தில் இப்படிப் பந்தி போட்டால் சம்பந்தியே எழுந்து போய்விடுவார்.

பாத் போனால் பம்ப் ரூமில் அந்த வெந்நீர் ஊற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அதைக் குடிக்கவா வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று தோன்றும்.

நடுப்பகல்:

யாருமே 'எ சிவில் காண்ட்ராக்ட்' (1961) பற்றிப் பேசவில்லை என்பதால் உள்ளே வருகிறேன். கதையைச் சொல்லாமல் பேச முடியாது, படிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஆடம் என்று ஒரு பிரபு, போரில் காலில் அடிபட்டுத் திரும்பியவன். அப்பா ஏகக் கடன் வைத்துவிட்டுச் செத்துப்போனார். மனசில் இருப்பது ஜூலியா, அழகி. ஆனால் நிலத்தையும் வீட்டையும் காப்பாற்ற, லண்டன் வியாபாரி சாலி என்பவரின் ஒரே மகள் ஜென்னியைக் கட்டிக்கொள்கிறான். குள்ளம், பருமன், பேச்சில் சாமர்த்தியம் கிடையாது. ஜூலியாவோடு ஒன்றாகப் படித்தவள் வேறு. புருஷன் மனசில் யார் என்று தெரிந்தே கழுத்தை நீட்டுகிறாள்.

எனக்கு 1992இல் பெரியவர்கள் பார்த்துக் கல்யாணம் ஆனது. பெண் பார்க்க வந்தபோது ஐந்து நிமிடம் பேசினோம், அதுவும் என் தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். கல்யாணத்துக்கு முந்தி நடக்கிற காதலைத்தான் எல்லா நாவலும் சொல்கிறது. தாலி கட்டின பிறகு, பக்கத்தில் படுத்திருக்கிற அந்நியனை ஒருத்தி எப்படித் தெரிந்துகொள்கிறாள் என்று எழுதின ரீஜன்சி நாவல் எனக்கு இது ஒன்றுதான் கிடைத்தது. ஜென்னி கவிதை பேச மாட்டாள். அவனுக்கு எது பிடிக்கும், எப்போது தனியாக விடவேண்டும், தன் அப்பாவின் தடபுடலிலிருந்து அவன் மானத்தை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்வாள். அந்த மாமனார் இருக்கிறாரே! மாப்பிள்ளைக்குக் கேட்காததையெல்லாம் வாங்கிக்கொடுத்து, வீட்டைக் கண்ணைப் பறிக்கிற மாதிரி அலங்கரித்து, அன்பாலேயே கொல்லுவார். ஆடம் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்லுவான். எங்கள் வீட்டில் என் அப்பா வாங்கிக்கொடுத்த கிரைண்டர் பட்ட பாடு ஞாபகம் வந்தது.

வாட்டர்லூ போரில் நெப்போலியனிடம் தோற்றுவிட்டோம் என்று வதந்தி பரவி எல்லோரும் பத்திரங்களை விற்கும்போது, தளபதி வெலிங்டனை நம்பி ஆடம் வாங்குகிறான். முதல் தடவையாக மாமனார் தயவில்லாமல் தன் காலில் நிற்கிறான். எனக்கு அந்த நாவலின் காதல் காட்சியே அதுதான் என்று படுகிறது, ஏனென்றால் கடன்பட்டவனாக இருக்கிறவரை அவனால் அவளை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

தூங்காநகரத்தாள்:

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அந்த நாவலை வாங்கி மூன்று நாளில் முடித்தேன். கழுத்துத் துணியைத் தாண்டிவிட்டேன், வாசகியக்கா சொன்ன மாதிரி.

நல்ல நாவல். ஆனால் கோபம் கோபமாக வருகிறது. கடைசிவரை ஜென்னிக்கு என்ன கிடைத்தது? ஜூலியாவிடம் இருந்த மாதிரி தன்மேல் அவனுக்குப் பித்து வராது என்று அவளுக்கே தெரிகிறது. அதை அவள் "போதும்" என்று ஏற்றுக்கொள்வதைப் பெரிய விவேகமாகக் காட்டுகிறார்கள். ஒரு ஆண் இப்படி "பரவாயில்லை, போதும்" என்று முடிகிற காதல் நாவல் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். காதல் நாவல் என்ற பெயரில் சமாளித்துப் போவதற்குப் பாடம் எடுக்கிறார்கள். எங்கள் அம்மா இதைத்தான் இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதைக் கேட்க எனக்கு இங்கிலீஷ் நாவல் எதற்கு?

நடுப்பகல்:

உங்கள் கோபம் நியாயம்தான். உங்கள் வயதில் படித்திருந்தால் நானும் புத்தகத்தை வீசியிருப்பேன். ஆனால் "போதும்" என்பது ஒரே சொல் இல்லை. வாயை மூடிக்கொண்டு சொல்கிற போதும் வேறு, வயிறு நிறைந்து சொல்கிற போதும் வேறு. ஜென்னி சொல்வது எது என்பதில் எனக்கே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வருகிறது. போன தடவை உங்கள் பக்கம்தான் இருந்தேன்.

கடலைமிட்டாய்:

சண்டை போடுகிறவர்களுக்கு நடுவில் ஒரு சின்ன இடைவேளை. ஹேயருடைய கொச்சைமொழி பற்றி யாருமே எழுதவில்லை. கையில் காசு இல்லையென்றால் "பாக்கெட்டுகள் வாடகைக்கு விடப்படும்" என்பார்கள். குடித்திருந்தால் 'ஃபாக்ஸ்டு'. கல்யாணத்துக்கு என்ன பேர் தெரியுமா? பாதிரியாரின் எலிப்பொறி. நாம் கால்கட்டு என்கிறோம், அவர்கள் எலிப்பொறி என்கிறார்கள், இரண்டு ஊரிலும் மாட்டிக்கொண்டதாக அழுவது மாப்பிள்ளைதான்.

இதையெல்லாம் தமிழில் கொண்டுவர முடியுமா என்று இரண்டு பக்கம் முயன்று பார்த்தேன். பிரபு பேசுவது மெட்ராஸ் பாஷையாக வந்துவிட்டது, விட்டுவிட்டேன்.

இன்னொன்று, நம் நகைக்கடைப் பவுன் எட்டு கிராம் என்று ஏன் வந்தது என்று தேடினால் இங்கேதான் வந்து நின்றேன். சாவரின் என்ற தங்கக் காசு 1817இல், ரீஜன்சி நடுவிலேதான், புதிதாக அச்சடிக்க ஆரம்பித்தார்கள், 7.98 கிராம், மதிப்பு ஒரு பவுண்டு. டார்சிக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானம் அல்லவா? பத்தாயிரம் பவுன் நகை என்று மனசில் போட்டுக்கொண்டு படியுங்கள். எலிசபெத்தின் அம்மா பென்னட் அம்மாள் மாப்பிள்ளை தேடி ஏன் அப்படிப் பறந்தார் என்று புரிந்துவிடும்.

வைகறை:

கோபாலன் சார், 'பிளாக் ஷீப்' பிரதி ஒன்று எனக்கு நடைபாதைக் கடையில் கிடைத்தது, நேற்று முடித்தேன். நல்லவேளை, கடைசிப் பக்கம் எல்லாம் இருக்கிறது. ஆனால் உங்கள் மனைவி சொன்ன முடிவு அதில் இல்லையே. அபிகெயில் குடும்பக் கடமை, அக்கா தனியாகிவிடுவாள் என்று தயங்கிக்கொண்டே இருக்கிறாள். மைல்ஸ் ஒரு நாள் அவளைச் சும்மா வண்டியில் போய்வரலாம் என்று ஏற்றிக்கொண்டு, அப்படியே கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கடத்திக்கொண்டு போகிறான். அவளுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். அக்காவிடம் பக்குவமாகச் சொல்வது, எல்லோரும் மனம் மாறுவது, சர்ச்சில் சிறப்பாக நடப்பது, இதெல்லாம் எங்கேயும் கிடையாது.

மழைநாள்வாசகி:

ஆமாம் சார், தம்பி சொல்வதுதான் சரி. நானே சொல்ல வேண்டாம் என்று இருந்தேன்.

கோபாலன்_ஓய்வு:

முப்பத்தெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்! இப்போதுதான் சமையலறைக்குப் போய்க் கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "நமக்குக் கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகலை, உங்கம்மா பக்கத்துல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தாங்க, அவன் அவளை வண்டியில தூக்கிட்டுப் போயிட்டான்னு நான் எப்படிச் சொல்றது" என்கிறாள்.

வைகறை தம்பி, அந்த நாலு பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட முடியுமா?